"அச்சுக்காரரைக் கேட்கவும்"னா என்னய்யா அர்த்தம்?

அச்சுமை:
நேத்து வாசு இங்க எழுதிருந்தார், அமெரிக்க நூறு டாலர் நோட்டுல இருக்காரே பெஞ்சமின் பிராங்க்ளின், அவர் அடிமை ஒழிப்பு சங்கத்துக்கே தலைவரா இருந்தவர், அடிமை யாவாரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 1787ல தலைவர் ஆனார், சரி. அப்ப அவருக்கு வயசு 81. அதுக்கு முன்னாடி அம்பது அறுபது வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தார்? 1729ல பிலடெல்பியால கீமர்ங்கற அச்சுக்காரர்கிட்ட இருந்து 'பென்சில்வேனியா கெசட்' பேப்பரை வாங்கினார்ல, அதை எடுத்து பாருங்க. ஒரு பக்கம் அவரோட மாமியார் செஞ்சு விக்கற சொறி களிம்புக்கு விளம்பரம். இன்னொரு பக்கம் 15 வயசு கருப்பினப் பொண்ணு விற்பனைக்கு, அம்மை வந்து போயாச்சு, இங்கிலீஷ் பேசும். அம்மை வந்து போயாச்சுன்னு எதுக்கு போடறான்? மறுபடி வராது, போட்ட காசு முழுகாது, அதுக்கு. கடைசி வரி என்ன தெரியுமா, "அச்சுக்காரரைக் கேட்கவும்". அச்சுக்காரர் யாரு? நூறு டாலர்காரர்தான்.

வடபழனி வாசு:
ஆரம்பிச்சுட்டார்யா. விளம்பரம் போட்டவன் வேற, வித்தவன் வேற. அந்த காலத்துல போன் நம்பரா குடுக்க முடியும்? வீடு வாடகை, நிலம், குதிரை எல்லாத்துக்கும் அச்சுக்காரரைத்தான் கேக்க சொல்லுவான். சுவத்துல போஸ்டர் ஒட்டினா சுவர் மேல கேஸ் போடுவீங்களா?

அச்சுமை:
சுவர் வாய் திறந்து விலை சொல்லாது வாசு சார். இங்க வாங்க வர்றவன் நேரா மார்க்கெட் தெரு கடைக்கு போறான், அச்சுக்காரர் தான் பொண்ணு யார் வீட்ல இருக்கா, யாரைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பறார். எங்க ஊர்ல இதுக்கு பேரு தரகு.

வடபழனி வாசு:
கமிஷன் வாங்கினாரா? வாங்கினார்னு ஒரு ரசீது காட்டுங்க, தரகர்னு ஒத்துக்கறேன். இல்லனா விடுங்க. அவரே 1731ல அச்சுக்காரங்க தரப்புல ஒரு விளக்கம் எழுதிருக்கார், யார் என்ன குடுத்தாலும் அச்சடிக்கறதுதான் தொழில், அதுல இருக்கற கருத்துக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லன்னு. படிச்சிருக்கீங்களா?

அச்சுமை:
படிச்சேன் சார், நீங்க பாதில நிறுத்திட்டீங்க. ஒழுக்கக்கேடான சரக்கையும் ஒரு மனுஷனுக்கு நிஜமா கெடுதல் பண்ணக்கூடியதையும் எவ்ளோ காசு குடுத்தாலும் அச்சடிக்க மாட்டேன்னு அதே கட்டுரைலதான் பெருமையா சொல்றார். அப்ப 15 வயசு பொண்ணை விக்கறது கெடுதல் கணக்குல வரலையா? அவளை மனுஷக் கணக்குலயே சேக்கலையா? ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.

கரிசல்காட்டான்:
எங்க வாத்தியார் பட்டம் விட்டார்னு மட்டும்தாம்ல சொன்னாரு. பட்டத்துல இடி விழுந்துச்சு, சாவி வழியா கரண்டு பிடிச்சாருன்னு.

நெல்லிக்கா:
இடி விழல அண்ணே. விழுந்திருந்தா 1752லயே கதை முடிஞ்சிருக்கும், மேகத்துல இருந்த மின்சாரம் ஈர நூல் வழியா இறங்கினது அவ்ளோதான். வாசு சார், தரகை விடுங்க, சொந்தமாவே ஆள் வெச்சிருந்தாரே. பீட்டர், ஜெமிமா, கிங். 1757ல லண்டன் போனப்ப பீட்டரும் கிங்கும் கூடவே போனாங்க. கிங் அங்கயே ஓடிட்டான். சஃபோக் பக்கம் ஒரு அம்மா அவனுக்கு எழுத படிக்க வயலின் வாசிக்க எல்லாம் கத்துக்குடுத்தாங்கன்னு பிராங்க்ளினே பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதறார்.

வடபழனி வாசு:
கிங் அவர் மகன் வில்லியமோட ஆள். தெரியாம பேசாதீங்க மேடம். உயில்ல பாப்னு ஒருத்தனை விடுதலை பண்ண சொல்லி எழுதி வெச்சுட்டு போனவர் அவர்.

நெல்லிக்கா:
சார் அந்த பாப் மருமகன் ரிச்சர்ட் பேச்சோட அடிமை. மருமகன் தரவேண்டிய கடனை தள்ளுபடி பண்ணிட்டு, பதிலுக்கு நீ உன் ஆளை விட்டுடுன்னு கேட்டுக்கறார். தன் ஆளை விட்டதும் அடுத்தவன் ஆளை விட சொன்னதும் ஒண்ணா?

வடபழனி வாசு:
விட சொன்னார்ல? அப்புறம் என்ன. 1737ல பெஞ்சமின் லேன்னு ஒருத்தர், குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக்காரர், அடிமை வெச்சிருக்கறவனை எல்லாம் கிழிச்சு தொங்க விட்ட புத்தகம், அதை அச்சடிச்சு குடுத்தது யாரு? அதை மட்டும் அச்சுமை மறந்துடுவார், போன மாசம் பேப்பர் விலை விவாதத்துலயும் இதே வேலைதான் பண்ணார்.

அச்சுமை:
போன மாச கதைய எதுக்கு இழுக்கறீங்க, அதுல யார் தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். லே புத்தகத்தை அச்சடிச்சார், ஆனா அச்சிட்டவர் பேர் போடற இடத்துல தன் பேரைப் போடல. நான் 22 வருஷம் பிரஸ்ல குப்பை கொட்டினவன், பேர் போடாம ஒரு சரக்கு வெளிய போகுதுன்னா என்ன அர்த்தம்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம். அடிமை எதிர்ப்புக்கு அச்சுக்காரர் பேர் இல்ல, அடிமை விற்பனைக்கு மட்டும் "அச்சுக்காரரைக் கேட்கவும்".

கரிசல்காட்டான்:
22 வருஷம் கால்ல மிதிக்கற ட்ரெடில் பிரஸ்ஸை மிதிச்சவருக்கு 1730 பத்தி என்ன தெரியும்? அப்ப ட்ரெடிலே கெடையாதுல்லா.

அச்சுமை:
ட்ரெடில் இருந்துச்சுன்னு நான் எங்கய்யா சொன்னேன்? மரத்துல செஞ்ச கைப்பிரஸ். தோல் உருண்டைல மை தொட்டு எழுத்து மேல ஒத்தி ஒத்தி எடுக்கணும், தாளை வெச்சு உள்ள தள்ளி கம்பியை உடம்பு மொத்தத்தையும் குடுத்து இழுக்கணும், ஒரு தாளுக்கு ஒரு பக்கம் முடியறதுக்குள்ள தோள் கழண்டுடும். அமெரிக்கால போர்ட்ஸ்மவுத்ல டேனியல் ஃபௌல்னு ஒரு அச்சுக்காரன் 1756ல 'நியூ ஹாம்ப்ஷயர் கெசட்' ஆரம்பிச்சான்ல, அந்த கம்பியை இழுத்தது அவனோட அடிமை பிரைமஸ். பேப்பர்ல பேர் ஃபௌல் பேரு, முதுகு வளைஞ்சது பிரைமஸுக்கு.

வடபழனி வாசு:
நாம பேசறது பிராங்க்ளினைப் பத்தி, ஃபௌலைப் பத்தி இல்ல. சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1790 பிப்ரவரில, அடிமை முறைய ஒழிக்க சொல்லி காங்கிரஸுக்கு, அதான் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, மனு, அவர் கையெழுத்து. இதுக்கு பதில் சொல்லுங்க முதல்ல.

நெல்லிக்கா:
84 வயசுல போட்ட கையெழுத்து. பேப்பர் வித்து காசு பாத்து, 42 வயசுலயே தொழிலை கூட்டாளி டேவிட் ஹால்கிட்ட விட்டுட்டு ஹாயா உக்காந்தார்ல, அந்த காசுல இந்த விளம்பரக் காசும் இருக்கா இல்லையா?

வடபழனி வாசு:
விளம்பரக் காசு வேற, கமிஷன் வேற. ரசீது எங்க?

கரிசல்காட்டான்:
அது கெடக்கட்டும், அந்த மாமியா சொறி களிம்புல என்ன போடுவாங்க? எனக்கு கால்ல ஒண்ணு மூணு மாசமா விடமாட்டேங்கு.

வடபழனி வாசு:
அச்சுக்காரரைக் கேளுங்க 😂

அச்சுமை:
சிரிங்க சார், நல்லா சிரிங்க. 15 வயசு, அம்மை வந்து போயாச்சு, இங்கிலீஷ் பேசும். அவ பேரைக்கூட போடல. கடைக்கு வந்து கேட்டவனுக்கு பதில் சொன்னது யாருன்னு நாலு தடவை கேட்டுட்டேன், நாலு தடவையும் ரசீது ரசீதுங்கறீங்க. கரெண்ட் போகப்போகுது, ராத்திரி வரேன்.

வடபழனி வாசு:
வாங்க வாங்க. வரும்போது ரசீதோட வாங்க.