Re: வைன் தொட்டியின் அடியில் படிவதற்கு என்ன சொல்?

> "கசடு" என்றாலே போதுமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம்.

போதாது என்பேன். கசடு என்றால் நீக்க வேண்டியது. இந்த இழையில் நாம் பேசும் படிவையோ வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறார்கள்.

வட இத்தாலியில் ஆல்டோ அடிஜே மலைப்பகுதியின் தெர்லானோவைப் பாருங்கள். 1893-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு அங்கே வைன் செய்கிறது. தோட்டங்கள் 250 மீட்டரிலிருந்து 900 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன. பகலில் நல்ல வெயில். இரவானால் மேலே குளிர்ந்துவிடும். அந்தக் குளிரில் பழத்தின் சுவாசம் மந்தமாகி, புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் செலவாகாமல் தங்கும். அதனால் பினோ பியாங்கோ திராட்சை நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பை விடாது. வெள்ளை வைன் பல ஆண்டு தாங்குவதற்கு அந்தப் புளிப்பு பெரிய துணை. ஆனால் இளசாகக் குடித்தால் நாக்கை வெட்டும்.

இதைச் சமன்செய்வதுதான் அடியில் கிடக்கும் ஈஸ்ட். நொதித்தல் முடிந்ததும் முதலில் தடிப்பாக இறங்குவது சதை, தோல் துணுக்கு, ஈஸ்ட் எல்லாம் கலந்த சகதி. அதை அப்படியே விட்டால் அழுகிய முட்டை வாடை வரக்கூடும். வைனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இதற்குக் "கசடு" சரி. அப்புறம் மெதுவாகப் படிவது மாவு போல மெல்லியது, பெரும்பாலும் ஈஸ்ட் மட்டும். செத்த செல்கள் சிதையச் சிதைய அவற்றின் சுவரிலிருந்து மானோபுரதங்கள் (சர்க்கரை சேர்ந்த புரதங்கள்) வைனில் கலக்கின்றன. புளிப்பின் கூர்மை தணிந்து, வாயில் ஒரு கனம் வருகிறது. உள்ளே புகும் ஆக்சிஜனையும் அந்தப் படிவே இழுத்துக்கொள்ளும். தெர்லானோ கூட்டுறவில் வைன் செய்தவரான செபாஸ்டியன் ஷ்டொக்கர் வைனை எஃகுத் தொட்டியில் இந்தப் படிவோடு பத்தாண்டுக்கு மேல் வைத்து முதிரவிடும் முறையை வளர்த்தார். வெள்ளை வைனுக்கு இவ்வளவு பொறுமை அபூர்வம்.

இந்த இரண்டாவது படிவுக்கு "மண்டி" என்பது என் பரிந்துரை. கள்ளின் அடியில் தங்குவதற்கு ஏற்கெனவே புழங்கும் சொல். அரிசி மண்டியோடு குழம்பும் என்பவர்களுக்காக, முழுவடிவம் "மதுவமண்டி". ஈஸ்ட்டை மதுவம் என்பது இலங்கைப் பாடநூல் வழக்கு. படிவோடு வைப்பதை "மண்டிமுதிர்வு" எனலாம்.

சில பாதாளறைகளில் பீப்பாய்க்குள் கோலை விட்டு மண்டியை எழுப்பிவிடுவார்கள். அதற்கு "மண்டி கலக்கல்" சரிவருமா, "மண்டி கிளறல்" சரிவருமா? கோல் அடிவரை போவதால் எனக்குக் கிளறல்தான் பொருந்துகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.