10 மாதக் குழந்தைக்கு இறால் ஒத்துக்கொள்ளவில்லை, கணவாய், மட்டி கொடுக்கலாமா?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறோம். மகளுக்கு 10 மாதம். போன சனிக்கிழமை மதியம் முதன்முதலாக இறால் கொடுத்தோம்: நன்றாக வேகவைத்து மசித்து, கஞ்சியில் கால் தேக்கரண்டி. சற்று நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து, தாடையில் தடிப்புகள் வந்தன. வாந்தி, இருமல், மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கிவிட்டது.

முட்டை, வேர்க்கடலை விழுது, மீன் எல்லாம் ஏற்கெனவே சாப்பிடுகிறாள், ஒன்றும் ஆனதில்லை. முழங்கை மடிப்பில் எக்சிமா (அரிப்புள்ள தோல் அழற்சி) உண்டு. என் கணவருக்கு நண்டு சாப்பிட்டால் உதடு வீங்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பாலிகிளினிக்கில் காட்டினோம். இறால், நண்டு இரண்டையும் நிறுத்தச் சொல்லி, ஒவ்வாமை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்கவும் சொன்னார்கள். நிபுணரைப் பார்ப்பது அடுத்த மாதக் கடைசியில்தான். அதுவரை பெலாச்சான் சேர்த்த சமையல் எதையும் அவளுக்குக் கொடுப்பதில்லை, அதுவும் இறாலில் செய்வதுதானே. நெத்திலி மீன் என்பதால் தொடர்கிறோம்.

கணவாய், மட்டி பற்றி அன்று கேட்க விட்டுப்போனது. அவை இறால் வகை இல்லை, ஆனாலும் சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாதாம். இறால் ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ளவர்களே, பரிசோதனை முடியும்வரை இவற்றையும் நிறுத்தி வைக்கும்படி உங்கள் மருத்துவர் சொன்னாரா?