ஓ-1பி விசா: பழைய சீரியல் விமர்சனப் பக்கங்கள் தேவை

வணக்கம். சென்னை சீரியல் நடிகர் ஒருவர் அமெரிக்கத் தொடரில் நடிக்க, ஓ-1பி விசாவுக்கு (கலை, திரை, டிவி துறைகளில் தனித்திறன் காட்டியவர்களுக்கான அமெரிக்க வேலை விசா) ஆவணங்கள் திரட்டுகிறோம். அதற்கான ஐ-129 மனுப் படிவத்தை அங்குள்ள நிறுவனமோ ஏஜென்டோதான் போட வேண்டும். அமெரிக்க நடிகர் சங்கம், அங்குள்ள தயாரிப்பாளர் தரப்பு, இரண்டின் கருத்துக் கடிதமும் தயார்.

இடிப்பது சான்றுகள். ஆறு வகையில் குறைந்தது மூன்று தேற வேண்டும். முன்னணி வேடம், சம்பளம் சரி; பத்திரிகை விமர்சனம்தான் இழுக்கிறது. கையில் இருக்கும் கட்டிங்குகளில் இதழ் பெயர், தேதி எதுவுமே இல்லை, படத்தை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறார்கள் (எல்லார் வீட்டு ஆல்பமும் இப்படித்தான்!).

2005–2012 வார இதழ்களை பைண்டு செய்து வைத்திருப்பவர்கள் சின்னத்திரைப் பக்கங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அட்டையோடு முழுப் பக்கமும் 300 டிபிஐயில் ஸ்கேன் வேண்டும். 'முழுமையானது, சரியானது, இரு மொழியும் அறிவேன்' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருபவர்களும் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கட்டணம் உண்டு.