பிறேக் லிவர் கலகலவென்று ஆடுகிறது, அவசரம்

கொக்குவில் பொடியன்:
வணக்கம். என் மவுண்டன் சைக்கிளில் பிறேக் லிவர் லூசாகிவிட்டது. தார் ரோட்டிலேயே கலகலவென்று சத்தம். டிஸ்க் பிறேக். ஞாயிறு விடியப் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். எதை இறுக்குவது? கெதியாகச் சொல்லுங்கோ.

பனங்கூடல்:
இடதா, வலதா, இரண்டுமா? கேபிள் இழுக்கும் பிறேக்கா, ஒயில் தள்ளும் பிறேக்கா? மேல் கீழாக ஆடுகிறதா, முன் பின்னாகவா? படம் ஒன்று போடுங்கள் தம்பி.

வல்வைக் காற்று:
ஒயிலுக்குள் காற்றுப் புகுந்திருக்கும். எனக்கும் இப்படி வந்தது. மோட்டார் சைக்கிள் கடையில் டாட் 4 பிறேக் ஒயில் வாங்கி விட்டேன், பிளீட் பண்ணினேன் (உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன்), சரி.

நீர்வேலிச் செம்மண்:
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். காற்றுப் புகுந்தால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும், கலகலக்காது. டாட் எல்லாப் பிறேக்குக்கும் சேராது. ஷிமானோ, மகுரா மினரல் ஒயில் கேட்கும், ஹோப் டாட் கேட்கும். மாற்றி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். லிவரின் ஒயில் தொட்டி மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.
பொடியன், ஓடும்போது ஒரு விரலை லிவரில் வைத்துப் பாருங்கள். சத்தம் நிற்காவிட்டால் அது லிவரே இல்லை, கீழே டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரில், பிறேக் பாட்டை (டிஸ்க்கில் உரசித் தேயும் கட்டையை) பிடிக்கும் ஸ்பிறிங்காக இருக்கலாம்.

சுன்னாகம் பழசு:
யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? தட்டையான ஊரில் ஒயில் பிறேக் எதற்கு? 35 வருடமாகச் சில்லு விளிம்பைப் பிடிக்கும் றிம் பிறேக்கில் ஓடுகிறேன். அலன் கீ பிடிக்கப் பழக முதல் ஹைட்ரோலிக் வாங்கினால் இப்படித்தான். முதலில் அடிப்படையைப் படியுங்கள் பிள்ளைகள்.

நீர்வேலிச் செம்மண்:
ஐயா, கார்த்திகை மழைக்குள் எங்கள் தோட்ட ஒழுங்கையால் ஒருக்கால் வாருங்கள். செம்மண் றிம்மில் அப்பி, பிறேக் கட்டையோடு சேர்ந்து அரம் மாதிரி அராவும். டிஸ்க் சில்லின் நடுவில் இருப்பதால் சேறு அவ்வளவாக எட்டாது. மலை இல்லாவிட்டாலும் நாயும் ஓட்டோவும் குறுக்கே வருகின்றனவே.

சுன்னாகம் பழசு:
றிம் கட்டை எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும், 10 நிமிட வேலை. உங்கள் பாட் தேய்ந்தால் கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நடுவழியில் நின்றால் யார் வருவார்கள்?

நீர்வேலிச் செம்மண்:
அது உண்மைதான். அதனால்தான் ஒரு சோடி பாட் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

கொக்குவில் பொடியன்:
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். ஒயில் பிறேக். மூடியில் மினரல் ஒயில் மட்டும் என்று இருக்கிறது. வலது லிவர் மேல் கீழாக நன்றாக ஆடுகிறது, இடது கொஞ்சம். விரல் வைத்தால் சத்தம் நிற்கிறது. பிடிக்கும்போது நன்றாகவே பிடிக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், போன கிழமை லிவர்களைக் கழற்றிக் கழுவினேன். கடல் காற்றில் உப்புப் பூத்திருந்தது.

பனங்கூடல்:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஹாண்டிலைக் கவ்வும் பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது சுழன்றால் கவ்வியின் போல்ற் லூஸ். மட்டாக இறுக்குங்கள், மிஞ்சினால் மரை போய்விடும். அது அசையாமல் விரல் பிடிக்கும் பகுதி மட்டும் ஆடினால், லிவர் திரும்பும் அச்சுப் பின்னைப் பாருங்கள். அந்தப் பின் உருவாமல் காப்பது அடியில் மாட்டியிருக்கும் சின்னக் கிளிப், இல்லாவிட்டால் தலையில்லாத ஒரு குட்டி ஸ்குறூ. கழற்றிக் கழுவும்போது தொலைவது இதுதான். வலது கை நம் ஊரில் பெரும்பாலும் முன் பிறேக். கிளிப் இல்லாவிட்டால் சந்தி வரைக்கும்கூட ஓடாதீர்கள், பின் உருவினால் லிவர் கையோடு வந்துவிடும்.
கிளிப் இருந்தும் ஆடினால், பின் சுழலும் புஷ் (சின்னக் குழாய்) தேய்ந்திருக்கிறது. பின்னைத் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். டிஸ்க்கிலும் பாட்டிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. சத்தத்துக்குப் பழைய ரியூபில் மெல்லிய துண்டு வெட்டி, லிவர் திரும்பி வந்து முட்டும் இடத்தில் ஒட்டுங்கள். தடிப்பாக ஒட்டினால் லிவர் முழுதாகத் திரும்பாது. ஒயில் தொட்டிக்குப் போகும் துளை மூடியே இருக்கும், சூடேறினால் பிறேக் தானாகப் பிடிக்கும்.

சுன்னாகம் பழசு:
கிளிப்பைக் குறட்டால் நெரித்து மாட்டாதே, விரிந்துவிடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாமல் புதிது வாங்கு.

கொக்குவில் பொடியன்:
வலதில் கிளிப் இல்லை. அச்சுப் பின் பாதியளவு வெளியே வந்து நிற்கிறது. கிணற்றடியெல்லாம் ரோச் அடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை.

(இரண்டு நாள் கழித்து)

கொக்குவில் பொடியன்:
புதுக் கிளிப் போட்டேன். இடதுக்கு ரியூப் துண்டு. சத்தம் இல்லை. ஊர்காவற்றுறை போய் வந்துவிட்டேன். நன்றி அண்ணைமார்.

வல்வைக் காற்று:
என் மூடியை இன்றைக்குத்தான் துடைத்துப் பார்த்தேன். மினரல் ஒயில் என்றுதான் இருக்கிறது. டாட் விட்டு இரண்டு மாதம். லிவர் திரும்பி வர நேரம் எடுக்கிறது. என்ன செய்வது?

நீர்வேலிச் செம்மண்:
ஓடுவதை நிறுத்துங்கள். சீல் ஊதத் தொடங்கிவிட்டது. லிவர், கலிப்பர் இரண்டின் படமும் போடுங்கள்.