பெரியவீட்டு உறவுகள் குழு: சனிக்கிழமை விஸ்கி ஆலைப் பயணம்

முரளி: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை பிற்பகல் டென்வரில் உள்ள லியோபோல்ட் பிரதர்ஸ் விஸ்கி ஆலையைப் பார்க்கப் பதிவு செய்ய இருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்பதை இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா: நான் வருகிறேன்.

சித்தி: அவருக்குச் சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

பாலா அத்தான்: விஸ்கி கடையிலேயே கிடைக்கிறது. அதற்காக ஆலைவரை போக வேண்டுமா?

முரளி: போக வேண்டும், அத்தான். டாட், ஸ்காட் என்ற அந்தச் சகோதரர்கள் 1999-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் தொழிலைத் தொடங்கி, 2008-இல் டென்வருக்கு வந்தவர்கள். மதுவிலக்குக்கு முந்தைய அமெரிக்க ரை விஸ்கி ஆலைகளில் புழங்கி, பிறகு வழக்கொழிந்துபோன மூன்று அறை வடிகலனைப் பற்றிப் பழைய நூல்களில் தேடிப் படித்து, லூயிவில் நகரின் வெண்டோம் நிறுவனத்தாரைக் கொண்டு மறுபடியும் செய்வித்தார்கள். ஊறலை மேல் அறையில் நிரப்பி, அடியிலிருந்து நீராவியைச் செலுத்தி, ஒவ்வோர் அறையாகக் கீழே இறக்குவார்கள். இன்றைய தொடர் வடிகலனில் சில நிமிடங்களில் கடந்துவிடும் தானியம் இதில் நெடுநேரம் ஆவியில் கிடப்பதால், அதன் எண்ணெய்ச்சத்தும் மணமும் சாராயத்தோடு சேர்ந்தே இறங்குகின்றன.

கவிதா அக்கா: அருணையும் அழைத்து வரலாமா? அவனுக்கு 19 வயதுதான்.

முரளி: 21 வயது நிரம்பாதவர் சுவைக்கச் சட்டம் இடம் கொடுக்காது, அக்கா. சுற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.

சித்தி: ரை என்பது எந்தத் தானியம்? நம் கம்பா?

முரளி: கம்பு இல்லை, சித்தி. கோதுமைக்கு நெருங்கிய உறவு, குளிர் தாங்கும் பயிர். மூன்று அறை ரைக்கு அவர்கள் எடுப்பது அப்ருசி என்னும் பழைய ரகம். மாவுச்சத்து குறைவு என்பதால் சாராயம் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் சுவை அதிகம். ஊறலில் அந்த ரை 80 சதவீதம், மீதி 20 சதவீதம் பார்லி. அந்தப் பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, கிளறிவிட்டு முளைகட்டும் கூடமும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் கேழ்வரகு முளைகட்டுவதைப் போன்ற வேலைதான். நீங்கள் குடிக்காவிட்டாலும் அதைப் பார்க்க வர வேண்டும் என்பது என் ஆசை.

சித்தி: பார்க்கலாம்.

பாலா அத்தான்: எனக்கு ஸ்காட்ச்தான் பழக்கம். ரை தொண்டையைப் பிடிக்கும்.

முரளி: முதலில் அவர்களுடைய மேரிலாந்து பாணி ரையைக் குடித்துப் பாருங்கள், அத்தான். சாராயம் 43 சதவீதம்தான், பழவாசனையோடு மென்மையாக இருக்கும். அதன் பிறகு மூன்று அறை ரை. அது 1897-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டுகள் பீப்பாயில் வைத்து, 50 சதவீதத்தில் அடைப்பது. கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால் உட்புறத்தில் படிந்த கோடுகள் மிக மெதுவாகத்தான் இறங்கும். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும், மிளகு நெடிக்குப் பின்னாலிருந்து லாவெண்டர் போன்ற பூமணம் எழும்பி வரும். ஐஸ் போட்டால் அந்த மணம் அடங்கிவிடும் என்பதால், தயவுசெய்து யாரும் ஐஸ் கேட்காதீர்கள்.

சித்தப்பா: காரைக்குடிக் கல்யாணத்தில் நான் ஐஸ் கேட்டபோது மாப்பிள்ளை சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

கவிதா அக்கா: சித்தப்பா, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பாலா அத்தான்: நான் தவறாக எதுவும் சொல்லவில்லை.

சித்தப்பா: சரி. முரளி, ஒரு புட்டி என்ன விலை?

முரளி: 2021-இல் முதன்முதலாக வெளிவந்தபோது 250 டாலர்.

சித்தி: 250 டாலரா!

சித்தப்பா: மாப்பிள்ளை சம்மதித்தால் பாதிப்பாதியாக வாங்கலாம்.

பாலா அத்தான்: குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முரளி: சித்தப்பா நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும். காரை நான் ஓட்டுகிறேன், அதனால் நான் சுவைக்கப் போவதில்லை. சித்தியும் அருணும் வந்தால் இன்னொரு கார் வேண்டும்.

கவிதா அக்கா: நான் ஓட்டலாம்தான். ஆனால் இவ்வளவு சொன்ன பிறகு எனக்கும் அந்த மூன்று அறை ரையைச் சுவைக்க வேண்டும் போலிருக்கிறது.

சித்தி: நான் காலையில் சொல்கிறேன்.

முரளி: இப்போதைக்கு நான்கு பேருக்குப் பதிந்து வைக்கிறேன்.