ஏற்காடு மலைப்பாதை: கீழிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம்

கேள்வி: அடிவாரத்தில் நின்று வாட்டர்கலரில் வரைந்த மலை நன்றாக வந்தது. ஞாயிறன்று மலைமேல் லேடீஸ் சீட் காட்சிமுனையில் உட்கார்ந்து அதே பாதையைக் கீழ்நோக்கி வரைந்தால், சேலம் ஊரே சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: தொடுவானம் எங்கே வைத்தீர்கள் தம்பி? அது எப்போதும் கண் மட்டம்தான். கீழே நின்றால் தாளின் அடிப்பக்கம் வரும், மலை அதைத் தாண்டி எழும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது தாளின் உச்சிக்குப் போய்விடும், ஊர் முழுக்க அதற்குக் கீழே விரியும்.

இன்னொரு பதில்: 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதை அது, எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் போடாதீர்கள். தூரம் போகப்போக மெலிந்து தட்டையாகட்டும். அப்புறம் தூரத்து வீடுகளுக்கு வெளிறிய நீலம், காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் அப்படித்தான் தெரியும்.

கேட்டவர்: ஆமாம் அண்ணா, தொடுவானத்தை நடுவில் வைத்திருந்தேன். சனிக்கிழமை மறுபடியும் மேலே போகிறேன்.