படிப்பு மண்டபத்தில காபனீரொட்சைட்டு சென்சர் குறைச்சுக் காட்டுது, உதவி தேவை

கடலோரம்:
வணக்கம். திருகோணமலையில ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில உள்காத்தின்ர தரம் அளக்கிறது என்ர இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிப் போர்டில எம்எச்-இசட்19பி எண்ட காபனீரொட்சைட்டு சென்சர். மூண்டு இடத்தில பூட்டினன். விரிவுரை மண்டபம் ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யுது. படிப்பு மண்டபத்திலதான் குழப்பம்.

முதல் நாள் இரவு 11 மணிக்கு 40 பேர் இருக்கேக்க 1700 பிபிஎம் (பத்து லட்சத்தில 1700 பங்கு) காட்டினது. ஏசி ஓடுது, யன்னல் எல்லாம் பூட்டு. ஒரு கிழமையால அதே கூட்டம், அதே நேரம், 1050 எண்டு காட்டுது. ஆனா உள்ளுக்குப் போனா அதே புழுக்க மணம், அதே தலைப்பாரம். பிள்ளைகள் கொப்பிக்கு மேல தலையை வைச்சுக்கொண்டு கிடக்கினம். விடிய 5 மணிக்கு 400 காட்டுது. சோதனைக் காலம், அந்த நேரமும் 15 பேர் இருப்பினம். அது எப்பிடி? வயர் மாத்தினன், வேற சென்சரும் வைச்சன், அதுவும் அப்பிடித்தான்.

சாலிடர்:
மற்ற ரெண்டு மண்டபமும் இரவில வெறுமையோ?

கடலோரம்:
ஓம் அண்ணை, பின்னேரம் பூட்டினா விடியுமட்டும் ஆள் இல்லை.

சாலிடர்:
அப்ப சென்சர் பழுதில்லை தங்கச்சி. அதுக்குள்ள ஆட்டோ கலிப்ரேஷன், அதாவது தன்னைத்தானே சரிப்படுத்துற வசதி இருக்கு. 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, தான் கண்ட ஆகக் குறைஞ்ச அளவை வெளிக்காத்தெண்டு நினைச்சு 400க்கு இழுத்துப்போடும். ஆள் இல்லாம ஆறுற அறைக்கு அது சரி. உங்கட மண்டபம் ஆறுறதே இல்லை. முதல் நாள் விடியப்புறப் பதிவைப் பாருங்கோ, ஆயிரத்துக்குக் கிட்ட இருக்கும்.

சென்சரை ஓட்டுற புரோகிராம் லைப்ரரியில ஆட்டோ கலிப்ரேஷனை நிப்பாட்டுங்கோ. பிறகு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், கடல்காத்து வீசுற பின்னேரத்தில 20 நிமிசத்துக்கு மேல ஓடவிட்டு, சென்சரின்ர எச்டி பின்னை 7 செக்கனுக்கு மேல கிரவுண்ட் பின்னோட சேர்த்துப் பிடியுங்கோ, அந்தக் காத்தை அது 400 எண்டு எடுக்கும். கிட்ட நிண்டு மூச்சு விடாதேங்கோ. மரத்தடியில விடியக்காலமையில செய்யவும் கூடாது, இரவில மரமும் சுவாசிக்கிறதால அளவு கூடியிருக்கும். வெளிக்காத்து இப்ப 420ஐத் தாண்டியிட்டுது, அந்தச் சின்ன வித்தியாசம் சென்சரின்ர பிழை எல்லைக்குள்ள அடங்கும்.

உப்புக்காத்து:
ஒண்டு சேர்க்கிறன். ஸ்பிளிட் ஏசி உள்ளுக்கிருக்கிற காத்தைத்தான் திருப்பித் திருப்பிக் குளிராக்கும், புதுக்காத்துக் கொண்டுவராது. குளிரா இருக்கெண்டு காத்து நல்லாயிருக்கெண்டு நினைக்கிறது பெரிய பிழை. பிறகு தூசுச் சென்சரும் பூட்டினா ஈரப்பதனையும் சேர்த்துப் பதியுங்கோ. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினா கடலுப்புத் துணிக்கை நீரை உறிஞ்சி ஊதும். லேசர் சென்சர் அதையும் தூசெண்டு எண்ணும்.

கடலோரம்:
அண்ணை சொன்னது சரி, முதல் நாள் விடிய 1040 பதிஞ்சிருக்கு! மாடியில வைச்சுச் செய்து நாலு நாளாச்சு. நேற்று இரவு 11 மணிக்கு 1720. கடல்பக்க யன்னல் ரெண்டைத் திறந்தம், அரை மணித்தியாலத்தில 900க்கு இறங்கினது. அந்தப் பிழையான கிழமைப் பதிவை அறிக்கையில இருந்து எடுத்திட்டன். மண்டபப் பொறுப்பாளருக்கு வரைபைக் காட்டினன், இண்டையில இருந்து மணிக்கு ஒருக்கா யன்னல் திறக்கச் சொல்லியிருக்கிறார்.